முழுப் பச்சை

நான் செய்தது ஒரு சாதாரண வலைப்பக்கம். நடுவில் ஒரு பெட்டி, அதன் கீழே ஒரு பொத்தான், அதற்கும் கீழே ஒரு பட்டை. ஃபேஸ்புக்கில் யாராவது எழுதிய தமிழ்ப் பதிவை எடுத்துப் பெட்டியில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால், எழுதியவர் எந்த மனநிலையில் எழுதினார் என்று பட்டை சொல்லும். பச்சை என்றால் சந்தோஷம். சிவப்பு என்றால் வருத்தம் அல்லது கோபம். மஞ்சள் என்றால் இரண்டும் இல்லை. தங்கள் கடையைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று கடைக்காரர்கள் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். குறி சொல்வதற்காக நான் அதைச் செய்யவில்லை.

இந்த மாதிரிக் கருவிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, இது சந்தோஷம், இது வருத்தம் என்று ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு நிறம் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும். நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்த சென்னை நிறுவனம் அதற்கு ஆள் தர மறுத்துவிட்டது. வீட்டில் யாராவது சும்மா இருந்தால் போடச் சொல்லுங்கள் என்று மேலாளர் எழுதியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் தருமபுரத்தில் எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒருவர் பொழுது போகாமல் இருந்தார். என் மாமியார் கல்யாணசுந்தரி.

அத்தை பொதுப்பணித் துறையில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குரும்பகரத்தில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடும் என் கணவர் ராஜ்மோகனோடும் வந்துவிட்டார். காலையில் காபியோடு ஃபேஸ்புக்கைத் திறந்தால், யார் வீட்டுப் பையன் கனடா போனான், யார் வீட்டில் பந்தக்கால் நட்டார்கள் என்று மாவட்டம் முழுவதும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் குளிக்கப் போவார். வேலையைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். சீரியல் பார்த்துக்கொண்டே நிறம் போட்டார். எங்கள் மாவட்டத்துப் பதிவுகளை அள்ளி அள்ளிக் கொடுத்தேன், சலிக்காமல் போட்டார். கருவிக்குப் பெயர்கூட வைக்கவில்லை. "உன் பெட்டி" என்பதோடு சரி.

அவர் போட்டதை ஒருநாள் சரிபார்த்தபோதுதான் எனக்கு முதல் எரிச்சல் வந்தது. எங்கள் அன்புத் தந்தையார் இயற்கை எய்தினார் என்ற அறிவிப்புக்குப் பச்சை போட்டிருந்தார்.

"அத்தே, இது சாவுச் சேதி."

"ஆமா. தொண்ணூறு வயசு. கொள்ளுப் பேரன் வரைக்கும் எடுத்துட்டாரு. மேளம் அடிச்சு, வேட்டு போட்டு, பேரப்புள்ளைங்க வரிசையா நெய்ப்பந்தம் புடிச்சுக்கிட்டுப் போறாங்க. தெருவே ஆடிக்கிட்டுப் போவுது. யாரு அழுதா இதுல?"

"போனவரு அழுதிருப்பாரு."

"அவருதாம்மா மொதல் ஆளா கெளம்பிட்டாரு."

அத்தையிடம் வாயாடி ஜெயிக்க முடியாது. பேரப்பிள்ளையின் முகம் பார்த்துவிட்டுப் போனால் அது கல்யாணச் சாவு, பார்க்காமல் போனால் அதுதான் சாவு. இது அவருடைய கணக்கு. முதல் வகைக்கெல்லாம் பச்சை, இரண்டாவது வகைக்கெல்லாம் சிவப்பு. ஒன்று விடாமல் அப்படியே போட்டிருந்தார். மாற்றச் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது.

"உங்க மாமா போனப்ப ராஜ்மோகனுக்கு எட்டு வயசு. மேளக்காரங்க வந்தாங்க. யாரோ வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. சின்ன வயசு சாவுக்கு மேளம் எதுக்குன்னு. சத்தமே இல்லாம தூக்கிட்டுப் போனாங்க கீர்த்தி. எனக்கு அந்தச் சத்தமில்லாததுதான் இன்னும் காதுல இருக்கு." பிறகு பழைய குரலில், "எனக்கு எந்தக் கலருன்னு உங்க ரெண்டு பேரு கையிலதான் இருக்கு" என்றார்.

குத்தியது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் பார்க்காத டாக்டர் இல்லை. திருநள்ளாறிலிருந்து வேளாங்கண்ணி வரை போகாத இடம் இல்லை. மாங்கனித் திருவிழாவில் இறைக்கிற மாம்பழத்தில் ஒன்றையாவது பிடித்து எனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை வருஷா வருஷம் அந்த நெரிசலில் இடிபடுவார். தின்றால் பிள்ளை பிறக்கும் என்று நானும் கடித்துத் தின்பேன். என் கோபத்தை அடக்கிக்கொண்டு, அத்தை போட்ட நிறங்களை அப்படியே கருவிக்குக் கொடுத்துவிட்டேன். நாலு சாவு அறிவிப்பால் என்ன ஆகிவிடப் போகிறது?

கருவி நன்றாகவே கற்றுக்கொண்டது. ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே கவனித்தேன். கல்யாணம், வேலை கிடைத்தது, வீடு கட்டியது என்று எவ்வளவு குதூகலமான பதிவை ஒட்டினாலும் பட்டையின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருக்கும். பட்டை விளிம்பு வரை பச்சையாக நிரம்புவது கல்யாணச் சாவு அறிவிப்புகளுக்கு மட்டும்தான். அத்தை அவ்வளவு தீர்மானமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டேன்.

ஆக்சிலியா என்னோடு கல்லூரியில் படித்தவள். அவளுடைய தாத்தா பிலோமின்ராஜ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்; ஊரில் எல்லோருக்கும் அவர் சொல்தா தாத்தா. அவர் கண்ணாடி முன் நின்று தானே சவரம் செய்துகொள்கிற படத்தைப் போட்டு, இந்த வயதிலும் கை நடுங்கவில்லை பாருங்கள் என்று அவள் எழுதியிருந்தாள். கைக்குக் கிடைத்த பதிவு என்று அதை எடுத்து ஒட்டினேன். பட்டை விளிம்பு வரை நிரம்பியது. சாவைப் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. எங்கோ கோளாறு என்று குறித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அந்த வாரமே சொல்தா தாத்தா போய்விட்டார். பேண்டு வாத்தியத்தோடு, மெடல்களோடு, பிரான்சிலிருந்து வந்து இறங்கிய பேரப்பிள்ளைகளோடு பெரிய ஊர்வலம். சவப்பெட்டிக்குள் அவர் முகம் மழமழவென்று இருந்தது. எனக்கு அந்தப் பட்டை ஞாபகம் வந்தது.

அடுத்தது வரிச்சிக்குடி காசியம்மா. பாட்டியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றிய ஒரு பேத்தியின் பதிவு. நிரம்பியது. இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு காசியம்மாவின் அறிவிப்பு வந்தது.

நான் படித்தவள்தானே, காரணம் தேடினேன். வயதானவர்கள் கிளம்பப் போகிற நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு உள்ளுக்குள் ஏதோ தெரிந்துவிடுகிறது. அதனால் அவர்களைப் பற்றி வேறு மாதிரி எழுதுகிறார்கள். அந்த வித்தியாசத்தைத்தான் கருவி பிடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பழைய சாவுகளைத் தேடி எடுத்து, அவர்கள் உயிரோடு இருந்தபோது போட்ட கடைசிப் பதிவுகளை ஒட்டிப் பார்த்தேன். பேரப்பிள்ளை எடுத்தவர்களுக்கெல்லாம் முழுப் பச்சை. எங்கள் தெரு மணிபாரதி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த மாதம் பைக் விபத்தில் போனவன். அவனுடைய கடைசிப் பதிவுக்கு வெறும் மஞ்சள். அவன் மாதிரிச் சாவு வருவதைப் பற்றிக் கருவிக்கு எதுவும் தெரியவில்லை. அத்தை எதைக் கல்யாணம் என்று சொல்லிக்கொடுத்தாரோ, அது வருவதை மட்டும்தான் அது முன்கூட்டியே பார்த்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத்தான் பைத்தியம் என்பார்கள்.

சித்திரை வெயிலில் அத்தை மொட்டை மாடியில் மாங்காய் காயவைத்தார். அதைப் படம் எடுத்து, இந்த வருஷ ஊறுகாய் ரெடி, வேண்டியவர்கள் பாட்டிலோடு வரவும் என்று பதிவு போட்டார். தன் பதிவுகளைத் தானே பெட்டியில் ஒட்டிப் பார்ப்பது அவருக்கு ஒரு விளையாட்டு. நான் அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"கீர்த்தி! இங்க வந்து பாரேன். எனக்கு ஃபுல்லு வந்துருச்சு!"

போய்ப் பார்த்தேன். அவர் நீட்டிய போனில் பட்டை ஓரம் வரைக்கும் பச்சையாக இருந்தது. அத்தை சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். தோசை தீய்ந்த வாடை வந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று முழுக்க ஒரே ஒரு நினைப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு ராஜ்மோகன் ஒரே பிள்ளை. பேரப்பிள்ளை கிடையாது. அவருடைய கணக்குப்படியே அவர் சாவு கல்யாணச் சாவு ஆகாது. ஆகவே இந்தப் பச்சை தப்பு. நூறு தடவை இதைச் சொல்லியிருப்பேன். குளியலறையில் காலண்டர் இல்லை. இருந்தும் அங்கே நின்றபோதுதான், எனக்கு வர வேண்டியது வரவில்லை என்பது உறைத்தது.

பாரதியார் வீதியில் எந்த மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டையை வாங்கினாலும், நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிடும். பஸ் ஏறி நாகூர் போய் வாங்கி வந்தேன். ஆறு வருஷமாக நான் கெஞ்சிய இரண்டு கோடுகள், கொஞ்சமும் மங்காமல் நின்றன. வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. வெளியே அத்தை யாருக்கோ போனில் ஊறுகாய்ப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் வெறி பிடித்த வேலை. அத்தை நிறம் போட்ட சாவு அறிவிப்புகள் அத்தனையையும் கழித்துவிட்டு, கருவியை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வைத்தேன். முழுப் பச்சை காட்டிய மற்றப் பதிவுகளின் நிறம் எல்லாம் மாறியது. ஊறுகாய்ப் பதிவு மட்டும் மாறவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தேன். மாங்காயை எடுத்தேன், பாட்டிலை எடுத்தேன். பட்டை அசையவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கல்யாணசுந்தரி என்ற பெயரை மட்டும் அடித்து அழுத்தினேன். முழுப் பச்சை. என் பெயரை அடித்தேன். மஞ்சள். ராஜ்மோகன் என்று அடித்தேன். மஞ்சள். மறுபடி அத்தையின் பெயர். விரல் எடுப்பதற்குள் நிரம்பிவிட்டது. மடிக்கணினியை மூடினேன். அன்றே அந்தப் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன்; என் மடிக்கணினியில் மட்டும் அது இருந்தது.

அத்தையை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம், இதயம், எல்லாம் பார்த்தார்கள். உங்களைவிட அவங்க நல்லா இருக்காங்க என்றார் டாக்டர். சொல்தா தாத்தாவுக்கும் கை நடுங்கவில்லைதான்.

என் கணவரிடம் சொன்னேன். ராஜ்மோகன் மின்துறையில் வேலை பார்ப்பவர். கையில் பிடிக்க முடியாததை நம்ப மாட்டார். பிள்ளை என்றதும் என்னைத் தூக்கிச் சுற்றினார். மீதியைச் சொன்னதும் இறக்கிவிட்டுச் சிரித்தார். "நீயும் அம்மாவும் நல்ல டாக்டரா போய்ப் பாருங்க, தலைக்கு." மடிக்கணினியைத் திறந்து அவர் கையில் கொடுத்து, அவருடைய அம்மாவின் பெயரை அவரையே அடிக்கச் சொன்னேன். அடித்தார். தன் பெயரை அடித்தார். தெருவில் தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் அடித்தார். திரும்ப அம்மாவின் பெயரை அடித்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

அத்தையிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். முடிவு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அத்தை கேட்டார்.

"பெட்டி எங்க? வரவே மாட்டேங்குதே."

"மூடிட்டேன் அத்தே. கம்பெனில வேணாம்னுட்டாங்க."

"சொல்தா தாத்தாவுக்கு ஃபுல்லு வந்துச்சு. காசியம்மாவுக்கு வந்துச்சு." தண்டைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். "நானும் ஒட்டிப் பாத்துக்கிட்டுதாம்மா இருந்தேன். நான் சொல்லிக் குடுத்த பெட்டி. எனக்குத் தெரியாதா?"

நான் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு எனக்கு வந்தப்ப சிரிச்சேன். நீ நின்ன நிலையைப் பாத்தப்பறம்தான் யோசிச்சேன். பேரப்புள்ளை இல்லாதவளுக்கு அது ஃபுல்லு குடுக்காதே. நான் அப்படிச் சொல்லித்தரலயே." அவர் பார்வை என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. "இருக்கா?"

"இல்லத்தே."

அத்தையின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. பிறகு பயம் வந்தது. பயம் வந்த பிறகும் சந்தோஷம் போகவில்லை. அந்த முகத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். எந்தக் கருவியை வைத்தும் அதற்கு நிறம் போட முடியாது.

"மேளம் வேணும்னுதான் சொன்னேன்," என்றார் மெதுவாக. "ஒடனே வேணும்னா சொன்னேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை எழுந்து கீரைத் தட்டை எடுத்துக்கொண்டார்.

"சரி. இல்லைன்னே வச்சுக்குவோம்."

அப்படியே வைத்துக்கொண்டோம். என் வயிறு பெரிதாக ஆக, எங்கள் வீட்டில் அதைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லாமல் இருந்தது. நான் வாந்தி எடுத்தால் எலுமிச்சை வரும், ஏன் என்று கேள்வி வராது. மாதுளையும் முருங்கைக்கீரையும் பாலும் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். "மிஞ்சிப் போச்சு, சாப்பிடு" என்பார். நாங்கள் ஸ்கேனுக்குக் கிளம்பினால் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வார். அந்த வருஷம் மாங்கனித் திருவிழாவுக்குப் போனார், பழம் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு பத்ருன்னிசா ஏன் என்று கேட்டதற்கு, கூட்டம் என்று சொல்லிவிட்டார்.

அதே பத்ருன்னிசா ஏழாம் மாதத்தில் வாசலில் என்னை நிறுத்தி, "எத்தனை மாசம் புள்ளே?" என்று வயிற்றில் கை வைத்தார். அத்தை உள்ளேயிருந்து விரைந்து வந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. வாயு."

பத்ருன்னிசா என் வயிற்றைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். உள்ளே வந்து நானும் அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் ஆளுக்கொரு அறைக்குப் போனோம்.

வளைகாப்பு இல்லை. நெடுங்காட்டிலிருந்து என் அம்மா தாமரைச்செல்வி வந்து, என்ன வீடு இது என்று கத்திவிட்டு, என்னைப் பிரசவத்துக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். கிளம்பும்போது அத்தை என் தலையில் பூ வைத்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

மார்கழியில் பெண் பிறந்தாள். அத்தை பார்க்க வரவில்லை. பெண் குழந்தை என்பதால்தான் வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பேத்தியின் முகம் பார்த்தால் போய்விடுவார் என்ற நிஜத்தை எப்படிச் சொல்வது? ராஜ்மோகன் குழந்தையின் படத்தைப் போனில் காட்டப் போனபோது அத்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாராம். மூடியபடியே, "முடி இருக்கா?" என்று மட்டும் கேட்டாராம்.

தனி வீடு பார்த்துப் போய்விடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில் அத்தையிடமிருந்து போன் வந்தது. குழந்தை பிறந்த பிறகு அவராக அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"வந்துருங்க கீர்த்தி. நான் பாக்க மாட்டேன். சத்தியமா பாக்க மாட்டேன். சத்தமாவது கேட்டுக்கறேன்."

வந்தோம். கூடத்தில் புதுக் கயிற்றில் தொட்டில் தொங்கியது, அத்தையே கட்டியிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவர் கண்களைச் சுற்றி வெள்ளைத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். குழந்தையின் பாதத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அத்தை அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்றிலிருந்து குழந்தை அறையில் இருந்தால் துண்டு இல்லாமல் நடமாடுவார். கூடத்துக்கு வந்தால் துண்டு ஏறிவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டே தொட்டில் ஆட்டுவார். குழந்தையின் துணிகளைத் துவைத்து, ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டுத்தான் கொடியில் போடுவார். எந்தச் சத்தம் பசி, எந்தச் சத்தம் தூக்கம் என்று என்னைவிட நன்றாக அவருக்குத் தெரிந்தது. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்த பத்ருன்னிசா, கண்ணைக் கட்டிய ஒருத்தி தாலாட்டுப் பாடுவதைக் கண்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டார். நானே சில சமயம் அந்தக் காட்சியைப் பார்த்து அறை வாசலில் உறைந்து நிற்பேன். ஆனால் அத்தை இருந்தார். ஒவ்வொரு காலையும் அவருடைய இருமல் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வரும். இப்படியே இருந்துவிடலாம், இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை, கல்யாணம் ஆகும்வரைகூட இப்படியே இருந்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன்.

அன்று ராஜ்மோகன் வேலைக்குப் போய்விட்டார். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். போகும்போதே சிணுங்க ஆரம்பித்தாள். அத்தை துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் பாட்டும் அவள் அழுகையும் கேட்டுக்கொண்டிருந்தன. அழுகை சட்டென்று நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பாட்டும் பாதியில் நின்றது.

சோப்பு நுரையோடு புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

துண்டு தரையில் கிடந்தது. அத்தை குழந்தையைத் தோளில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் பால். குழந்தை நீலம் பாரித்திருந்தாள். நான் கத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை. அத்தை இன்னொரு தட்டுத் தட்டினார். ஒரு விக்கல். பிறகு வீடே அதிரும்படி அழுகை.

"பொரை ஏறிருச்சு," என்றார் அத்தை. மூச்சு வாங்கியது. "அழுவுற புள்ளை சட்டுன்னு நின்னுட்டா. கண்ணைக் கட்டிக்கிட்டு எதைன்னு தட்டுறது?"

"அத்தே..."

"நின்னுபோன சத்தம் கீர்த்தி. எனக்கு அது ஆவாது."

குழந்தையை இறக்கிக் கைகளில் மல்லாத்திக்கொண்டார். நான் என்னையறியாமல் அவர் கண்ணை மறைக்கக் கையை நீட்டினேன். அத்தை முழங்கையால் என்னை ஒதுக்கினார்.

"போம்மா அந்தப் பக்கம். பாத்தது பாத்தாச்சு. இனிமே நல்லாவே பாத்துக்கறேன்."

தொட்டிலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நெற்றி, காது, விரல்கள், நகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "புருவம் உங்க மாமாவுக்கு. அப்படியே எடுத்து ஒட்டி வச்ச மாதிரி. நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு." குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அவர் முகத்தை அதுவும் அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறது.

நான் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். கத்தல் கேட்டு ஓடிவந்த பத்ருன்னிசா வாசற்படியில் நின்றார். துண்டில்லாத அத்தையையும், மடியில் குழந்தையையும், நான் அழுவதையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ், இப்பவாச்சும் மனசு வந்துச்சே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழுவது சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டு, என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெயில் ஜன்னல் வழியாகக் கூடத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. குழந்தை தூங்கிப்போனாள். அத்தை இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் குரலில் பாரம் எதுவும் இல்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டு எழுந்தவர் குரல் மாதிரி இருந்தது.

"வாங்கிக்க கீர்த்தி," என்றார். "கை கனக்குது."

நான் கையை நீட்டவில்லை. அவர் பக்கத்தில் நகர்ந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருங்கத்தே."